டி-ஷர்ட் விலையில் ஆற்றின் கணக்கு இருக்கிறதா?

ஆன்லைனில் டி-ஷர்ட் வாங்கும்போது பலரும் பார்ப்பது விலையும் ரேட்டிங்கும்தான். அதற்குச் சாயமேற்றிய தண்ணீர் எங்கே போச்சு என்பது லேபிளில் இருக்காது. திருப்பூரில் அது பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றுக்குத்தான் போனது.

என்ன பிரச்சினை?

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு வேண்டும். அது துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை நீக்கும் சாதாரண சுத்திகரிப்பு, கரைந்த உப்பைப் பிரிக்காது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையைத் திறந்தால் பயிர் கருகிவிடுமோ என்று விவசாயிகளே பயந்தார்கள்.

எப்படி மாறியது?

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கெடு மேல் கெடு கடந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில், 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். வேலை போனது தொழிலாளர்களுக்கு.

அதன்பிறகே 'பூஜ்ஜியக் கழிவுநீர்' முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. ஆர்.ஓ. சவ்வுகள் பிரித்த நல்ல தண்ணீர் மறுபடியும் சாயப்பட்டறைக்கே போகிறது. மிஞ்சும் உப்புநீரிலிருந்து உப்பும் மீட்கப்படுகிறது. ஆனாலும், பயன்படாத கலப்பு உப்பை என்ன செய்வது என்ற சிக்கல் தீரவில்லை.

யார் பொறுப்பு?

ஆர்.ஓ. 2011-ல் கண்டுபிடித்தது அல்ல, அதற்கு முன்பே இருந்தது. அப்புறம் ஏன் தாமதம்? ஒரு பட்டறை மட்டும் செலவு செய்து சுத்திகரித்தால், செலவே செய்யாத பக்கத்துப் பட்டறை விலையைக் குறைத்து ஆர்டரை வாங்கிவிடும். நேர்மையாக இருப்பவருக்கே நஷ்டம். சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இறுகும்போதுதான் இந்தக் கணக்கு மாறும்.

ஆடையை வாங்கும் பிராண்டுகளுக்கும் இதில் பங்கு உண்டு. 'சஸ்டைனபிள்' என்று டேக் மாட்டிவிட்டு, பீஸுக்குச் சில பைசா குறைக்கச் சொல்லி பேரம் பேசினால், அந்தச் சுமை பட்டறை மீதும் ஆற்றின் மீதும்தான் விழும்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் வாடகை, சம்பளம், மார்க்கெட்டிங் எல்லாம் போட்டுத்தான் விலை வைக்கிறார்கள். கழிவுக்கான செலவையும் முதல் நாளே அந்த ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். அதைச் சேர்த்தால் லாபம் வராது என்றால், அதுவரை வந்த லாபம் ஊர்க்காரர்கள் கொடுத்த கடன்தான்.