தந்தையார் விட்டுச்சென்ற வண்டி



நம் ஊர்களில் பல வீடுகளின் பின்புறத்தில், சாக்கு மூடிய பழைய புல்லட் ஒன்று துருவேறி நிற்பதைக் காண்கின்றோம். 1955-ஆம் ஆண்டில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் இவ்வண்டிகளை உருவாக்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த மூலத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பின்னரும் இங்கே பணி தொடர்ந்தது. அக்காலத்து வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் இன்று இளைஞரிடையே பெருகியுள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், எதில் தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், காலஞ்சென்ற தந்தையாரின் புல்லட்டைச் சீர்செய்ய விரும்பினார். பின்புறச் சட்டகத்தை அறுத்துச் சிறிய இருக்கை வைக்கவும், பேரொலி எழுப்பும் சைலன்சர் பொருத்தவும் திட்டமிட்டார். விற்றுவிடுவதே நல்லது என்றார் தாயார். "சுவாமி, இவன் அப்பா அதிலே ஒருநாளும் வேகமாய்ப் போனதில்லை" என்று அவர் கண்கலங்கியபோது, அச்சத்தின் காரணம் நமக்கு விளங்கிற்று. விற்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம் என்றோம். நாம் அவர்களுக்குக் கூறியதை உங்களுக்கும் கூறுகின்றோம்.

நெடுநாள் நின்ற வண்டியை உடனே உதைத்து இயக்கலாகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் ஊற்றிச் சில நாள் பொறுத்திருக்க வேண்டும். இறுகிய பிஸ்டன் இளகுவதற்கு இதுவே வழி. பழைய எஞ்சின் ஆயிலை முற்றிலும் வடித்துவிடுக. டேங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். இரண்டையும் தூய்மை செய்க.

அடுத்து பிரேக்கும் டயரும். பட்டன்கள் தேயாதிருப்பினும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். டயரின் பக்கவாட்டில் 2312 என்று இருந்தால், அது 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இன்னுமொன்று: பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இக்கால வண்டிகளில் பழகிய கால், ஆபத்து வேளையில் மாறி மிதித்துவிடும். ஆகவே, ஆளில்லாத் திடலில் நன்கு பழகிய பின்னரே சாலைக்குச் செல்க.

இவையெல்லாம் முடிந்த பின்னரே அழகுவேலை. பணம் குறைந்தால் குரோமியப் பூச்சு காத்திருக்கட்டும், பிரேக் காத்திருக்கலாகாது. டேங்கின்மேல் கைத்திறனாளர் தூரிகையால் வரைந்த பொன்னிறக் கோடுகள் எஞ்சியிருந்தால், அவற்றின்மேல் வண்ணம் பூசி அழிப்பானேன்?

மாற்றங்களுக்கும் எல்லை உண்டு. நிறுவனம் வகுத்த அமைப்பினின்று வண்டி மாறுபடும்படி திருத்துவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் தடுக்கின்றது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அறுத்த சட்டகம் வலுவிழக்கும். சைலன்சரின் பேரொலியோ நோயாளரையும், கைக்குழந்தையையும், பாடம் படிக்கும் பிள்ளையையும் வருத்தும். பதிவுச் சான்றிதழை வாரிசின் பெயருக்கு மாற்றுவதும், 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிப்பதும் கட்டாயக் கடமைகள்.

பெற்றோரே, பிள்ளை இவ்வேலையில் இறங்கினால் வீண்செலவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். திருகாணி ஒன்றைப் பொறுமையாய்க் கழற்றக் கற்பவன் பொறுப்பையும் கற்கின்றான். ஆனால் முதற்செலவு எதற்கு என்று கேளுங்கள். "பிரேக்குக்கு" என்று அவன் விடை கூறுவானாயின், சாவியை அவனிடம் துணிந்து கொடுக்கலாம்.