எரர் ஜீரோன்னு வந்தா போதுமா?

உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற யாரிடமாவது ராத்திரி மோட்டார் போடப் போவதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். த்ரீ பேஸ் கரன்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் தண்ணீர். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பு. வரப்பில் நடந்து போய் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சை பட்டனை அழுத்திவிட்டு வர வேண்டும். பாம்பு பயம் தனி.

அப்படிப் போகிற ஒரு அப்பாவின் மகன், பாலிடெக்னிக் இரண்டாம் வருட மாணவன், ஒருநாள் லேப்டாப்போடு வந்து நின்றான். கரன்ட் வந்ததும் மோட்டாரைத் தானாகப் போடவும், கிணற்றில் தண்ணீர் இறங்கினால் நிறுத்தவும் ஒரு சர்க்யூட் செய்திருக்கிறான். பிரெட்போர்டில் வேலை செய்கிறது. இனி அது ஒழுங்கான பிசிபி ஆக வேண்டும். டிவி ரிமோட்டைக் கழற்றினால் உள்ளே ஓர் அட்டை இருக்குமே, அதுதான் பிசிபி.

"அண்ணே, எந்த சாஃப்ட்வேர்ல வரையலாம்? எங்க குடுத்தா கம்மியா அடிச்சுத் தருவாங்க? ரெண்டே கேள்விதான்" என்றான்.

முதல் கேள்விக்கு என் பதில் கிகேட். 1992-ல் பிரான்ஸில் ஜான்-பியர் ஷரா என்பவர் தொடங்கியது. 2013-லிருந்து, துகள் ஆராய்ச்சிக்குப் பேர்போன செர்ன் நிறுவனமும் அதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. முழுக்க இலவசம். போர்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கட்டுப்பாடு கிடையாது, நெட் இல்லாவிட்டாலும் ஓடும். நம் ஐஐடி மும்பையின் ஃபாஸ்ஸி குழு மாணவர்களுக்காக உருவாக்கிய இசிம் மென்பொருளும் கிகேடைச் சேர்த்துக் கட்டியதுதான்.

இலவசம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஈகிள் என்று ஒன்று இருந்தது. 1988-ல் ஜெர்மனியில் பிறந்தது. என் வயதுக்காரர்கள் பலர் அதில்தான் பழகினோம். 2016-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது, அடுத்த வருடமே சந்தா முறைக்கு மாற்றியது. 2023-ல், 2026 ஜூன் 7-ஓடு ஈகிளை நிறுத்தப் போவதாக அறிவித்தும் விட்டது. நல்லவேளையாக ஈகிள் கோப்புகளை கிகேடில் திறக்க முடிகிறது. தோட்டத்தில் மாட்டுகிற போர்டு பத்து வருடம் கழித்துப் பழுதானால், அன்றைக்கும் அந்தப் படத்தைத் திறந்து பார்க்க முடிய வேண்டும் இல்லையா?

பிரவுசரிலேயே வரைய ஈஸிஇடிஏ இருக்கிறது. பழகுவது சுலபம். ஜேஎல்சிபிசிபி என்ற சீன போர்டு தயாரிப்பு நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் வரைந்த கையோடு ஆர்டர் போடலாம். அவசரத்துக்கு நானும் பயன்படுத்துவேன். ஆனால் எதில் வரைந்தாலும் கடைசியில் கெர்பர் கோப்பை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்த் தொழிற்சாலைக்கும் புரிகிற பொது வடிவம் அது.

இரண்டாவது கேள்வி, எங்கே கொடுப்பது. ஒரே ஒரு போர்டு போதும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். லேசர் பிரின்ட்டை இஸ்திரிப் பெட்டியால் செம்புத் தகட்டில் ஒட்டி, ஃபெரிக் குளோரைடில் ஊற வைக்கிற பழைய முறை. (அலுமினியப் பாத்திரத்தைத் தொடாதீர்கள், அரித்துவிடும். பிளாஸ்டிக் டப்பா போதும். கரைசலை சிங்க்கில் கொட்டக் கூடாது, அதில் செம்பு கலந்திருக்கிறது. தரையில் சிந்தினால் கறை போகாது, வீட்டில் திட்டு நிச்சயம்.) புதியவர்கள் இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அடிப்பக்கச் செம்பை கிகேட் மேலிருந்து பார்க்கிற மாதிரி காட்டுகிறது. அதைத் திருப்பாமல் அப்படியே பிரின்ட் எடுக்க வேண்டும். 'மிரர்' போட்டால் ஐசி கால்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

நாலைந்து போர்டு வேண்டும் என்றால் தொழிற்சாலைதான். 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் 5 போர்டு 2 டாலர் என்று சீனத்து விளம்பரத்தைப் பார்த்ததும் கண் விரியும். கூரியர் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நம் நாட்டிலேயே காந்திநகரில் பிசிபி பவர், பெங்களூருவில் லயன் சர்க்யூட்ஸ் இருக்கிறார்கள். சில வேளை விலை கூடும், ஆனால் சுங்கத் தொல்லை இல்லை. ஒரே கெர்பர் கோப்பை இரண்டு மூன்று தளங்களில் ஏற்றினால் அஞ்சு நிமிடத்தில் விலை தெரிந்துவிடும். இதற்கு மேல் இதில் யோசிக்க எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி திரும்பி வந்தான். கிகேடில் அழகாக வரைந்திருந்தான். "டிஆர்சி போட்டுப் பாத்துட்டேண்ணே, எரர் ஜீரோ. ஆர்டர் போட்டுரவா?"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மோட்டார் லைன் போகிற தடத்துக்கும் சென்ஸார் வயர் போகிற 5 வோல்ட் தடத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. டிஆர்சி என்பது நாம் கொடுத்த விதியை மட்டும் சரிபார்க்கிற சோதனை. நாமாக மாற்றாதவரை கிகேடில் அந்த விதி 0.2 மில்லிமீட்டர். 5 வோல்ட்டுக்கு அது தாராளம். 230 வோல்ட்டுக்கே, கை படுகிற பக்கத்திலிருந்து 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தள்ளி வைப்பது வழக்கம். நான் 8 விடுவேன். இது 230-கூட இல்லை. பல விவசாய ஸ்டார்ட்டர்களில் நோவோல்ட் காயில் இரண்டு பேஸுக்கு நடுவில், 415 வோல்ட்டில் வேலை செய்கிறது. தம்பி வைத்திருந்த சின்ன நீல ரிலேயின் தலையிலேயே 250 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது.

தொழிற்சாலைக்காரர்களும் இதைச் சொல்ல மாட்டார்கள். கோடு மெலிதா, ஓட்டை சின்னதா, அச்சடிக்க முடியுமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். சாஃப்ட்வேர் சரி என்கிறது, தொழிற்சாலை சரி என்கிறது, பச்சைப் பளபளப்போடு போர்டும் வந்துவிடும். சென்ஸார் வயரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் ஈரத் தரையில் நிற்கப் போவது அவன் அப்பா.

இடைவெளியைக் கூட்டினால் சரியாகிவிடுமா என்று கேட்டான். அதைவிட, பெரிய வோல்ட்டேஜ் அந்த போர்டுக்கே வர வேண்டாம் என்றேன். ரெடிமேட் 12 வோல்ட் அடாப்டர் வாங்கிக்கொள்ளட்டும். போர்டில் 12 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். கரன்ட் வந்ததா என்று சொல்ல, கடையில் கிடைக்கிற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருக்கிறது. 415-ஐத் தொடுகிற வேலையை, அதற்கேற்ற ரேட்டிங் உள்ள தனி ரிலே பேனல் பெட்டிக்குள் இருந்து செய்யட்டும். அதை மாட்டுவது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது. பாதி படத்தை அழிக்க வேண்டுமே.

அழித்து வரைந்தான். ஆர்டர் போடுவதற்கு முன் படத்தை 100 சதவீத அளவில் ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, பொருட்களை அதன் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிசி547 டிரான்சிஸ்டருக்குப் பதில் 2என்2222 குறியீட்டை வைத்து 10 போர்டு அடித்து வாங்கியவன் நான். பிளாஸ்டிக் உறையில் வருகிற இந்த இரண்டுக்கும் கால் வரிசை நேர் எதிர். திருப்பிச் செருகித் தப்பித்தேன். ரிலே கால் மாறியிருந்தால் அந்த வழியும் இல்லை. தம்பியின் தாளில் டெர்மினல் பிளாக்கின் கால்கள்தான் பொருந்தவில்லை, உடனே மாற்றினான்.

போர்டு 5 வந்து சேர்ந்துவிட்டன. இப்போது ஒன்று மேஜை மேல் மோட்டாருக்குப் பதிலாக ஒரு 12 வோல்ட் பல்பை எரித்து அணைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் இப்படியே ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அவன் அப்பா டார்ச்சும் கம்புமாகத்தான் தோட்டத்துக்குப் போய் வருகிறார்.