தப்பித்தல் என்னும் குற்றச்சாட்டு

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற பாத்திரமேற்கும் மேசை விளையாட்டுகளை, வீட்டுத் துயரிலிருந்து இளையோர் தப்பியோடும் வழி என்று இகழும் ஆய்வாளர்கள், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள் அடங்கிய திருவனந்தபுரம் மாவட்டத்தின் காக்காரிசி நாடகத்தை மட்டும் ‘மரபு’ எனப் போற்றுவது எந்த நியாயம்?

அங்கும் நடப்பது வேடமேற்றலே. சிவன் நாடோடியான காக்காலனாகத் தீப்பந்தத்துடன் வருகிறான். தம்புரான் கேள்விமேல் கேள்வி தொடுக்கிறான். தமிழும் மலையாளமும் கலந்த விடைகள் பல வேளைகளில் ஆட்டக்களத்திலேயே பிறக்கின்றன. (1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு எனக் கோடு விழுந்தது. நாடகத்தின் மொழி அதைப் பொருட்படுத்தவில்லை, மொழித்துறைகள்தாம் பொருட்படுத்துகின்றன.) நடத்துநர் வினவ, ஆடுவோர் தத்தம் பாத்திரமாகவே நின்று விடைகூறும் மேசை விளையாட்டின் இயக்கமும் இதுவன்றி வேறில்லை.

பகலில் பணிந்து நின்ற உழைப்பாளி இரவில் காக்காலனாகித் தம்புரானை எதிர்த்துப் பேசினால் அது பண்பாடு. குடியும் கடனும் சூழ்ந்த வீட்டுப் பிள்ளை, தாளும் பகடையுமாகச் சில மணிநேரம் வேறொருவனாக வாழ்ந்தால் மட்டும் நோயா? கைதி சிறையிலிருந்து வெளியேற விழைவதையும், படைவீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் குழப்பும் திறனாய்வாளரை டோல்கீன் அன்றே கண்டித்தார். விளையாட்டு கடனை அடைக்காது, உண்மைதான். நாடகம் அடைத்ததா?