குறும்படம் எடுக்கப் போகும் தம்பி தங்கைமாருக்கும், அதற்குக் காசு கொடுக்கும் வாப்பாமாருக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு "சேர், குறும்படம் ஒண்டு எடுக்கப் போறோம்" என்று பிள்ளைகள் வருகிறார்கள். சந்தோசம். ஆனால் அடுத்த வசனமே கமரா வாடகை பற்றியதாக இருக்கிறது. அதற்கடுத்தது ட்ரோன். கதை என்ன என்று கேட்டால், "அது இனித்தான் எழுதணும் சேர்."

என் அபிப்பிராயம் இதுதான்: நம் பக்கத்துக் குறும்படங்கள் காசு இல்லாததால் கெடவில்லை. இருக்கிற காசு பிழையான இடத்துக்குப் போவதால் கெடுகின்றன. நக்கிள்ஸ் மலைக்கு மேலே ட்ரோன் பறக்கும், பெயர்கள் இரண்டு நிமிடம் ஓடும். பிறகு இரண்டு பேர் பேசத் தொடங்கினால் ஒரு சொல்லும் விளங்காது. காற்று, த்ரீவீல், பக்கத்து வீட்டு டீவி எல்லாம் நன்றாகக் கேட்கும். படம் கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர் மன்னிப்பார். பேச்சு விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்.

கமராவுக்குக் கையில் இருக்கிற போன் போதும். ஷோன் பேக்கரின் 'டாஞ்சரீன்' 2015இல் தியேட்டருக்கு வந்த முழுநீளப் படம். அது ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகளிடம் இருக்கிற பல போன்கள் அதைவிடப் புதியவை. ஒலிக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டாவது போனை ரெக்கோர்டரில் போட்டு, நடிப்பவரின் சேர்ட் பைக்குள் வையுங்கள். தொடங்கும்போது ஒரு தடவை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை மூட அது உதவும். இரண்டு போனும் ஃபிளைட் மோடில் இருக்கட்டும். நல்ல காட்சியின் நடுவில் மாமியின் கோல் வரும்.

அடுத்தது சாப்பாடு. சிரிக்காதீர்கள், சின்ன பட்ஜெட்டைத் தின்பது அதுதான். பன்னிரண்டு பேர், இரண்டு நாள், மூன்று வேளை என்றால் 72 பார்சல். ஐந்து பேர், ஒரு நாள், காலையும் பகலும் என்றால் 10. ஆகவே கதையை எழுதும்போதே ஆட்களையும் இடங்களையும் குறைத்து எழுத வேண்டும். கல்வியியல் கல்லூரியில் எங்களைப் பாடக்குறிப்பு எழுதவைத்து உயிரை எடுத்தார்கள். குறும்படத்துக்கும் அதே வேலைதான். எந்த ஷொட், எந்த இடம், யார், என்ன பொருள், எத்தனை மணிக்கு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கதை ஓடும் வரிசையில் எடுக்க வேண்டியதில்லை. குசினிக் காட்சிகளை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டுத்தான் முற்றத்துக்குப் போக வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்பும் பின்னேரம் நாலுக்குப் பிறகும் வெயில் முகத்துக்கு இதமாக இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் ஒரு வெள்ளை ரெஜிபோம் அட்டையை எதிரே பிடியுங்கள். பாங்கு நேரத்தையும் கொப்பியில் குறியுங்கள். பள்ளி மைக்கோடு போட்டி போட ஏலாது.

கதைக்கு எங்கே போவது? ஈரானின் அப்பாஸ் கியரொஸ்தாமி 1970இல் எடுத்த முதல் படத்தைப் பாருங்கள். 'பாணும் சந்தும்' என்று தமிழில் சொல்லலாம். பத்து நிமிடம் சொச்சம். ஒரு பொடியன் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். சந்துக்குள் ஒரு நாய் மறித்து நிற்கிறது. கதை அவ்வளவுதான். பிள்ளைகளுக்கான ஒரு நிறுவனத்துக்காக எடுத்த படம் அது. நமக்கு நாய் இல்லாத சந்தா, பாண் இல்லாத வீடா? மாத்தளையில் பாயில் மிளகு காய்கிறது. வீட்டில் மூத்தம்மாவும் பேரனும் மட்டும். வானம் கறுக்கிறது, பேரன் போனில் விளையாடுகிறான். ஒரு முற்றம், இரண்டு பேர், ஐந்து நிமிடம். விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உரிமை எல்லாம் கேட்க மாட்டேன்.

இதைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. மிளகு காயும் முற்றத்தில் நிற்கிற பிள்ளை எதற்குச் சென்னைத் தமிழில் பேச வேண்டும்? "இன்னாடா மச்சி" என்று நம் பொடியன்மார் நடிப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. இந்தியத் தமிழ்ப் படங்கள் முஸ்லிமுக்கு வெகுகாலமாகக் கொடுத்தது "நம்பள்கி நிம்பள்கி" என்ற கோமாளிப் பேச்சைத்தான். நாம் வீட்டில் பேசுவது தமிழ். உம்மா, ராத்தா, "ஊட்டுல ஈக்கி" என்று பேசுகிற தமிழ். அதைத் திரையில் கேட்டவர்கள் எத்தனை பேர்? இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல் 16 எம்எம்மில் வந்தது. பெரிய சினிமா 35 எம்எம்மில் ஓடிய காலத்தில் அது சின்னச் சுருள். இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச. 1972இல் கட்டடக்கலைஞர் வி.எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தார். யாழ்ப்பாணத்து வாழ்க்கை அதன் பேச்சோடு திரைக்கு வந்தது. நம் பேச்சுக்கு அப்படி யாரும் வெளியிலிருந்து வந்து செலவு செய்யப் போவதில்லை.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. மகள் நடிப்பதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம், அது உங்கள் முடிவு. ஆனால் எழுதுவது, ஷொட் பிரிப்பது, ஒலி பதிவது, எடிட் செய்வது எல்லாம் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியவை. நான் பார்த்த கொப்பிகளில் திருத்தமாக எழுதியிருந்தவை பெரும்பாலும் பெண் பிள்ளைகளுடையவை. அதையும் தடுப்பது அநியாயம். கடன் வாங்கிக் கமரா எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

முடித்த படத்தை இரண்டு இடத்தில் சேமியுங்கள். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இந்நாட்டுப் படங்களின் மூலச்சுருள்கள் அதோடு போயின. நமக்குப் போன் ஒன்று தண்ணீரில் விழுந்தாலே போதும்.

ஒரு பக்கத்தில் கதை எழுதி வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் அனுப்புங்கள். ஞாயிறு பின்னேரங்களில் இருந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். ட்ரோன் வைத்திருப்பவர்கள் பிறகு வாருங்கள்.