காத்திருக்கவும் திட்டமிடுவோம்

பின்லாந்தின் மிகப்பெரிய ஏரி சைமா. ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர் பரப்பு. 13,000-க்கும் மேற்பட்ட தீவுகள். அதில் கயாக் படகில் பல நாள் பயணம் செல்ல எண்ணும் நாம் முதலில் கணக்கிடுவது, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். அந்தக் கணக்கில் காற்றுக்கு இடமில்லை.

தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய நீர்வழிகள் பெரும்பாலும் அமைதியானவை. ஹவுகிவெசி போன்ற திறந்த நீர்ப்பரப்புகளிலோ, காற்று வலுத்தால் அலை விரைவில் எழும். ஜூன் தொடக்கத்திலும் நீர் குளிர்ந்தே இருக்கும்; படகு கவிழ்ந்தால் சில நிமிடங்களிலேயே கைகள் வலுவிழக்கும். உயிர்காப்பு அங்கி மிதக்க வைக்கும், குளிரைத் தடுக்காது.

ஆகவே, ஐந்து நாள் பயணமெனில் ஆறாவது நாளொன்றையும் காத்திருப்புக்கென ஒதுக்குவோம். காத்திருக்க இடமும் உண்டு. அந்நாட்டில் வழங்கிவரும் ‘எல்லோருக்குமான உரிமை’, வீடுகளிலிருந்து விலகிய பிறர் நிலத்தில் ஓரிரு இரவு கூடாரமிட இடமளிக்கிறது. ஆனால் தரையில் தீ மூட்ட நில உரிமையாளரின் இசைவு வேண்டும். சிறிய எரிவாயு அடுப்பை உடன் கொண்டு செல்வதே முறை.

உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். குறித்த நாளில் சென்று சேரும் வீம்புக்காக அதைப் பணயம் வைக்கலாகாது.