தேவாங்குக்குக் காடு, நமக்கு ஆதாரமா?

தொட்டியத்திலிருந்து காவிரியைத் தாண்டி, குளித்தலைக்குத் தெற்கே போனால் கடவூர் மலை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது தமிழக அரசு. நல்லது. பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் அந்தச் சிறு உயிருக்குக் காடு வேண்டும்தான்.

காட்டோரம் விறகும் ஆடுமாகப் பிழைக்கும் தலித்துகளுக்கு? 2006 வன உரிமைச் சட்டப்படி, பழங்குடி அல்லாதவர் 75 ஆண்டுக் குடியிருப்பைக் காட்ட வேண்டும். அதுவும் 2005 டிசம்பருக்கு முந்தைய 75 ஆண்டு! சேரிக்குப் பட்டாவே தராத நாட்டில் 1930-இன் காகிதம் எங்கே கிடைக்கும்? பெரியவர்களின் வாக்குமூலமும் சாட்சிதான் என்கிறது விதி. அதை வாங்கி எழுத ஆள் வேண்டுமே.

உரிமை தந்தால் விலங்கு அழியும் என்பார்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் 2011-இல் சோலிகர்களின் வன உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் கேளுங்கள்: வன உரிமைக் குழு எங்கே? அதில் நம் தெருவிலிருந்து யார்?