சஸ்பென்ஸ் நாவல் படித்தால் கெட்டுப்போவோமா?

மலர்க் குழுத் தம்பிகள் வந்து, "சார், மாணவரும் நல்ல நூல்களும்னு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நல்ல நூல் என்றதும் எனக்குச் சட்டென்று திருக்குறளோ சத்திய சோதனையோ ஞாபகத்துக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... விவேக்கும் ரூபலாவும்தான் வந்து நின்றார்கள்! ஆகவே நண்பர்களே, இது மர்ம நாவல்களுக்காக ஒரு பழைய மாணவன் செய்யும் வாதம். ஆட்சேபணை உள்ளவர்கள் அடுத்த ஆண்டு மலரில் தாராளமாகத் திட்டலாம்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தது 1991 முதல் 1994 வரை. வீடு திருவொற்றியூரில், பத்துக் குடும்பம் ஒரே குழாயை நம்பியிருந்த லைன் வீடு. தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில், பெட்டிக்கடை அளவில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஒரு புத்தகம் நாளைக்கு எட்டணா. கிரைம் நாவல், பாக்கெட் நாவல், ராணி முத்து எல்லாம் துணி காயப்போட்ட மாதிரி கயிற்றில் தொங்கும். அந்த எட்டணாவும் எனக்கு மிச்சம்தான். ஏனென்றால் பக்கத்து வீட்டு மாமா எடுத்து வருவார், நான் ஓசியில் படிப்பேன். அவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை செய்தார். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து, புத்தகத்தை எங்கள் ஜன்னலில் செருகிவிட்டுத் தூங்கப் போவார். சாயங்காலம் எழுந்ததும் முதல் கேள்வி, "கண்டுபுடிச்சியா, யாருன்னு?"

எனக்குப் பிடித்தவர்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். ஒரு அத்தியாயம் கோவையில் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் வேறு ஊரில் வேறு கதை. இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று தெரியாமல் தவிப்போம். முடிவு சில சமயம் அவசரமாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு தடவைகூட நான் புத்தகத்தை மூடி வைத்ததில்லை. பட்டுக்கோட்டை பிரபாகரிடம் கொலையை விட பரத்-சுசீலா பேச்சுத்தான் எனக்கு முக்கியம். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களை நோட்டில் எழுதி வைத்திருந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு (பெயர் சொல்ல மாட்டேன், இப்போது அவர்கள் பெரிய பதவியில் இருக்கிறார்கள்). சுபா என்பது ஒருவர் அல்ல, சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு பேர் என்று தெரிந்தபோது நான் ஏமாந்துபோனேன். ஒரு பெண் எழுதுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

சுஜாதாவைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஹோலோகிராம் என்ற சொல்லையே நான் 'கொலையுதிர் கால'த்தில்தான் முதன்முதலாகப் படித்தேன், பிசிக்ஸ் வகுப்பில் அல்ல. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்த்தும் போடும் சண்டையை விட நல்ல லேப் வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த இஞ்சினியர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு உள்ளவர் என்பதால் அவர் எழுத்தில் மெஷின் மெஷினாக இருக்கும். மற்ற சிலர், பிரேக் ஒயரை வெட்டினான், கார் மலையில் உருண்டது என்று எழுதிவிடுவார்கள். காலால் மிதிக்கிற பிரேக்கில் ஒயர் ஏதய்யா? எண்ணெய் போகிற குழாய் அல்லவா அது! ஒயர் இருப்பது ஹேண்ட் பிரேக்கில். டிப்ளமோ மாணவனை ஏமாற்ற முடியுமா?

இன்னொரு மனக்குறையும் உண்டு. நமது வட சென்னைக்கு இந்த நாவல்களில் என்ன வேலை என்று பாருங்கள். கொலை அடையாறில் நடக்கும், பிணம் காசிமேட்டில் ஒதுங்கும். அடியாள் ராயபுரத்தில் இருப்பான், துப்பறிகிறவர் கார் வைத்திருப்பார். நம்மூரில் துப்புத் துலக்கத் தக்க விஷயமே நடக்காத மாதிரி!

நடந்தது. 1952 ஆகஸ்டில், சைனா பஜாரில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் ராயபுரம் செமட்ரி ரோட்டில் ஒரு வீட்டில் கொல்லப்பட்டார். தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயிலில் ஏறி, மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் ஒட்டிப் பார்த்து நிரூபித்தார்கள். பிரபாகர மேனனுக்கு ஏழு வருஷம், அவர் மனைவி தேவகிக்கு மூன்று வருஷம் என்று தண்டனை தந்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் தானே ஒரு எழுத்தாளர். எந்த நாவலாசிரியருக்கு இப்படிக் கற்பனை வரும்?

எங்கள் ஆயா ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கேஸை நான் ஆவலாகக் கேட்டால், பெட்டி எப்படிப் போச்சு, ரயில் எப்படிப் போச்சு என்பதை நாலு வார்த்தையில் முடித்துவிடும். "எல்லாரும் பொட்டியப் பத்தியே கேக்குறீங்க. அந்தாளு பொண்டாட்டி புள்ளைங்க இன்னா ஆனாங்கன்னு ஒருத்தனும் கேக்க மாட்றான்" என்று சொல்லும். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஒரு காலையில் ஜன்னலில் புத்தகம் இல்லை. டாங்க் கிளீன் பண்ண உள்ளே இறங்கிய மாமா மேலே வரவில்லை. விஷவாயு என்றார்கள். போலீஸ்காரர் வந்து நாலு வரி எழுதிக்கொண்டு போனார். கம்பெனியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். நான் அவரிடம் போய், இத்தனை நாவல் படித்த பழக்கத்தில், கேட்டேன். உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று யார் பார்த்தது? மேலே மேன்ஹோல் பக்கத்தில் யார் நின்றது? இறங்கச் சொன்னது யார், எத்தனை மணிக்கு? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, கதப்பொஸ்தகம் ரொம்ப படிப்பியா?" என்றார்.

ஆமாம் சார், ரொம்பப் படிப்பேன். அதனால்தான் கேட்டேன். அங்கே நின்றிருந்த பெரியவர்கள் யாருக்கும் அந்த மூன்று கேள்வி வரவில்லை. விதி என்றார்கள். விவேக்காக இருந்தால் விதி என்று சொல்லியிருக்க மாட்டார்.

மர்ம நாவல் மாணவர்களைக் கெடுக்கிறது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஆனால் என் ரசனை அந்த வருஷத்தோடு கொஞ்சம் மாறியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு பிணம், அது யார் எவர் என்றே தெரியாமல் கடைசிப் பக்கத்தில் கைதட்டல் என்று முடியும் நாவல்கள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன. ஆயா கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது.

பிறகுதான் கிளை நூலகத்தில் வேறு அலமாரிப் பக்கம் போனேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' கிடைத்தது. இலக்கியம் என்று பயந்துகொண்டே எடுத்தேன். குழாயில் தண்ணீர் வருமா வராதா என்பதை விட என்ன சஸ்பென்ஸ் வேண்டும்? எங்கள் லைன் வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தோடு உட்கார்ந்திருந்தவர்களைக் கேளுங்கள்! பல வருஷம் கழித்து, 2004-ல் வந்த ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. கடலில் தத்தளிக்கும் மனிதர்கள் பிழைப்பார்களா என்ற ஒரு பதைப்பிலேயே ஒரு கடற்கரை ஊரின் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுகிறார். அது தென்கோடிக் கடற்கரைக் கதை. ஆனால் காசிமேட்டில் போன படகு திரும்பாத ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது நம்மூர்க் கதைதான். இவற்றைப் படிக்கும் பொறுமையைத் தந்ததும் அந்த எட்டணா நாவல்கள்தான் என்பேன். நேராக இங்கே வந்திருந்தால் பத்தாம் பக்கத்தில் ஓடியிருப்பேன்.

நம்மூரில் மர்மத்துக்குப் பஞ்சமும் இல்லை. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா நெடி ஏறி, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். இதை முதல் அத்தியாயமாக வைத்து ஒரு நாவல் எழுத இங்கே படிக்கிற கெமிக்கல் மாணவருக்கு முடியாதா? வால்வு, பிரஷர், பைப்லைன் எல்லாம் தெரிந்தவர் எழுதினால் பிரேக் ஒயர் தப்பும் வராது.

நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில், டாங்க்குக்குள் ஆள் இறங்க பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும். உள்ளே மீட்டர் 19.5-க்குக் கீழே காட்டினால் யாரையும் இறங்க விடமாட்டேன். விஷவாயுவுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். மேலே ஆள் நின்றே ஆக வேண்டும். "இன்னா சார், போலீஸ் மாதிரி கேள்வி கேக்குறீங்க?" என்று பசங்க சலித்துக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் வீட்டுப் பரண்மேல் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய (பயப்பட வேண்டாம்!) நாவல்கள் இருக்கின்றன. மாமா கடைசியாக எடுத்து வந்த இரண்டும் அதில் உண்டு. திருப்பித் தரப் போனபோது நூலகக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை, நீயே வைத்துக்கொள் என்றுவிட்டார். விடுதி மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எது வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, கடைசிப் பக்கத்தைக் கிழிக்காமல் திருப்பித் தரவேண்டும்.

— ஒரு பழைய மாணவன், இயந்திரவியல் துறை